டென்மார்க் முகவரி: ஒரு விலைப் பிழையும் அதை ஊருக்குச் சொன்னவர்களும்

2015 பிப்ரவரி 11, புதன்கிழமை. யுனைட்டெட் ஏர்லைன்ஸ் இணையதளத்தில் நாடு என்று கேட்கும் இடத்தில் டென்மார்க்கைப் போட்டுவிட்டு, லண்டனிலிருந்து நியூயார்க் பக்கத்திலுள்ள நியூவார்க்குக்கு முதல் வகுப்பு தேடியவர்களுக்கு 491 டேனிஷ் குரோனர் என்று விலை காட்டியது. அன்றைய மதிப்பில் சுமார் 75 டாலர். நம் கணக்கில் ஐயாயிரம் ரூபாய்கூட வராது. அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானத்தில், படுத்துத் தூங்குகிற இருக்கைக்கு இந்த விலை. வழக்கமாக அதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும்.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. அடிக்கடி பறப்பவர்கள் கூடுகிற இணையத்தளங்களில் முதலில் வந்தது, பிறகு ட்விட்டர், அப்புறம் செய்தித்தளங்கள். சில மணி நேரத்துக்குள் பல ஆயிரம் பேர் வாங்கிவிட்டார்கள். அன்றைக்கே யுனைட்டெட் எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்தது.

டிக்கெட் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். விலைப் பட்டியலில் ஓட்டை கண்டுபிடிப்பவர்கள் அதை வெளியில் சொல்லலாமா என்ற பேச்சு எப்போது வந்தாலும் எனக்கு இந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும். சொல்லலாம் என்பவர்களுக்கும் கூடாது என்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அதனால் இதை ஆரம்பத்திலிருந்து பார்த்துவிடுவோம்.

பிழை எங்கே நடந்தது என்பது முக்கியம். விமானக் கட்டணங்கள் பெரும்பாலும் பயணம் தொடங்கும் நாட்டின் பணத்தில் பதிவாகும். பிரிட்டனிலிருந்து கிளம்பினால் பவுண்டு. அதே டிக்கெட்டை வேறொரு நாட்டிலிருந்து வாங்கினால், அந்த நாட்டுப் பணத்துக்கு மாற்றி விலை காட்டுவார்கள். அன்று பவுண்டுக்கான கட்டணத்தில் தப்பில்லை. அதைச் சரியாகவே பதிவு செய்திருந்ததாக யுனைட்டெட் சொன்னது. குரோனருக்கு மாற்றும் இடத்தில், வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருள் தவறான மாற்று விகிதத்தைப் போட்டுவிட்டது. ஆகவே லண்டனிலிருந்து லண்டன்காரராக வாங்கினால் சரியான விலை. டென்மார்க்காரராக வாங்கினால் மட்டும் அடிமாட்டு விலை.

இங்கேதான் சிக்கலே இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் கார்டின் முகவரி கேட்கும். அதில் நாடு டென்மார்க் என்று இருக்க வேண்டும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் டேனிஷ்காரர்கள் கிடையாது. எனவே செய்தியோடு ஒரு செய்முறையும் சேர்ந்தே பரவியது: நாட்டை மாற்று, விலை குரோனரில் வருகிறதா பார், பில்லிங் முகவரியில் டென்மார்க் என்று போடு. அந்தக் கடைசிப் படி இல்லாமல் டிக்கெட் கிடையாது. அதாவது, படிவத்தில் ஒரு பொய்யை எழுதினால்தான் அந்த விலை.

ரத்தானதும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்குப் புகார்கள் குவிந்தன. புகார் செய்தவர்களுக்கு நம்பிக்கை வர நல்ல காரணம் இருந்தது. 2012 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிப்படி, டிக்கெட்டை விற்றுப் பணம் வாங்கிய பிறகு விமான நிறுவனம் விலையை ஏற்றக் கூடாது. தவறுதலாகக் குறைத்துப் போட்ட விலைக்கும் இது பொருந்தும் என்று துறையே விளக்கம் கொடுத்திருந்தது. பயணிகளுக்கு அமெரிக்காவில் கிடைத்த மிக நல்ல பாதுகாப்புகளில் ஒன்று அது என்பேன். 2009 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு அடிப்படைக் கட்டணம் 40 டாலர் என்று விற்றுவிட்டு, பிறகு ரத்து செய்தது. ஊருக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்ட நம் ஆட்கள் பலருக்கு அப்போது கேட்க நாதியில்லாமல் போயிற்று. 2012 விதி அந்த நிலைமையை மாற்றியது. 2013 செப்டம்பரில் இதே யுனைட்டெட் உள்நாட்டு டிக்கெட்டுகளைத் தவறுதலாக 0 டாலருக்கு, வெறும் வரியோடு விற்றபோது, அவற்றை மதித்து ஏற்றுக்கொண்டது. அதே வருடக் கடைசியில் டெல்டாவும் தன் பிழை விலைகளை ஏற்றது.

ஆனால் டென்மார்க் விவகாரத்தில் துறை பயணிகள் பக்கம் நிற்கவில்லை. இரண்டு காரணம் சொன்னது. அந்தத் தளம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு விற்பதற்காக வைத்தது அல்ல என்பது ஒன்று. வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் டென்மார்க் தங்கள் முகவரி இல்லை என்று தெரிந்தே அதைக் காட்டிப் பிழையை வரவழைத்தார்கள், அது நல்லெண்ணத்தோடு செய்த கொள்முதல் இல்லை என்பது இன்னொன்று. முதல் காரணத்தோடு வாதாடலாம். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பக்கத்தில் கட்டத்தை நிரப்பிய விரலுக்குத் தெரியும், எழுதுவது உண்மையா இல்லையா என்று.

கதை இதோடு முடிந்திருந்தால் சில ஆயிரம் பேருக்கு ஏமாற்றம், அவ்வளவுதான். ஆனால் அதே வருடம் மே மாதம் துறை ஒரு புதிய அமலாக்கக் கொள்கையை வெளியிட்டது. விலை தவறுதலாக வந்தது என்று விமான நிறுவனம் காட்டினால், பணத்தைத் திருப்பிக் கொடுத்து, டிக்கெட்டை நம்பிப் பயணி செய்த நியாயமான செலவுகளையும் ஈடு செய்தால், டிக்கெட்டை ரத்து செய்ததற்காக அதன்மேல் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்றது. பிழை விலையைப் பொறுத்தவரை 2012-ல் கொடுத்த பாதுகாப்பு மூன்றே வருடத்தில் போயிற்று.

டென்மார்க் சம்பவம் ஒன்றால்தான் அது போயிற்று என்று நான் சொல்லவில்லை. 2014-லேயே துறை தன் வரைவு அறிவிப்பில், பிழை விலைகள் அடிக்கடி பறப்பவர்களின் தளங்களில் அதிகமாகப் போடப்படுகின்றன, அவை பிழை என்று தெரிந்தே ஆட்கள் வாங்குகிறார்கள் என்று கவலை தெரிவித்திருந்தது. பகிர்வதைப் பற்றிய நம் விவாதம் அரசாங்கக் காகிதத்திலேயே ஏறிவிட்டது என்று அப்போது நினைத்தேன். டென்மார்க் அந்தக் கவலைக்கு நல்ல சாட்சியாகப் போய் நின்றது.

இதில் நஷ்டப்பட்டது யார் என்று பாருங்கள். 75 டாலர் டிக்கெட் போனவர்களுக்கு 75 டாலர் திரும்பி வந்தது. விலைப் பிழை என்ற சமாச்சாரமே தெரியாமல், இந்த விலையில் கிடைக்கிறதே, தங்கை கல்யாணத்துக்குப் போய்விடலாம் என்று உண்மையாக நம்பி வாங்கும் ஒரு பயணி இருக்கிறார் அல்லவா, அவருடைய பிடிமானம்தான் தளர்ந்தது. இந்த விவாதத்தில் அவர் பக்கம் பேச யாருமே இருப்பதில்லை.

சரி, அப்படியானால் எதையும் வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் ஒழுங்கா? அப்படி வாழ்கிற கூட்டமும் உண்டு. எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று டிக்கெட்டில் ஒரு வரி வரும். நீண்ட தூரப் பயணத்தில் சில நூறு டாலர் அதுவே இருக்கும். பயணத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு மலிவான துண்டுப் பயணத்தை, உலகத்தின் வேறு மூலையில், அதே டிக்கெட்டில் சேர்த்தால் சில சமயம் அந்த வரி தானாக உதிர்ந்துவிடும். விலை கணக்கிடும் விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் நடப்பது அது. இதைத் தெரிந்தவர்கள் பல வருடம் சங்கேத மொழியில்தான் பேசினார்கள். புதிதாக ஒருவர் வந்து நேராகக் கேட்டால் பதில் வராது, திட்டுதான் விழும். நீயே உழைத்துக் கண்டுபிடி என்பார்கள்.

அவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. வெளியில் வந்த ஓட்டை சீக்கிரம் அடைபடும், அது உண்மைதான். அமெரிக்க நாணயச் சாலை ஒரு டாலர் நாணயங்களை முகமதிப்புக்கே, வீட்டுக்கு இலவசமாக அனுப்பிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நாணயங்களைப் புழக்கத்தில் விடத்தான் அந்தத் திட்டம். மைல்ஸ், அதாவது கார்டில் செலவு செய்தால் கிடைக்கும் இலவசப் பயணப் புள்ளிகள், சேர்ப்பவர்கள் கிரெடிட் கார்டில் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே வங்கியில் போட்டு, கார்டு கடனை அடைத்துவிட்டு மைல்ஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் வந்தது, கூட்டம் கூடியது. 2011 ஜூலையில் கார்டில் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அதை ரகசியமாக வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்தான். ஆனால் அந்தப் பெட்டிகளை அனுப்பும் செலவு பொதுப் பணம். பத்துப் பேர் மட்டும் ரகசியமாகச் செய்தால் சரி, பத்தாயிரம் பேர் செய்தால் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரகசியம் ஒரு காரியத்தை நல்லதாக்கிவிடாது. தெரிந்தவர்கள் கையில் அதைக் கொஞ்ச காலம் கூடுதலாக வைத்திருக்கும், அவ்வளவுதான். அந்தத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நேரமும் ஆங்கிலமும் நல்ல கார்டும் உள்ளவர்களாக இருப்பார்கள் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

டென்மார்க்கோடு ஒப்பிட இன்னொரு நாள் இருக்கிறது. 2019 புத்தாண்டு. கேத்தே பசிபிக் தளத்தில் வியட்நாமின் டா நாங்கிலிருந்து நியூயார்க்குக்குப் போய்வர பிசினஸ் வகுப்பு சுமார் 675 டாலருக்கு வந்தது. அதன் சரியான விலை இதைப்போலப் பல மடங்கு இருக்கும். இதுவும் ஊரெல்லாம் பரவியது. ஆனால் யாரும் எந்த முகவரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தளத்தில் போய், தேதி போட்டு, சொந்தப் பெயரில், சொந்தக் கார்டில் வாங்கினார்கள். தவறு செய்துவிட்டோம், டிக்கெட் கொடுத்தவர்கள் அனைவரையும் விமானத்தில் வரவேற்கக் காத்திருக்கிறோம் என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. டா நாங்கிலிருந்து அவர்கள் பறந்தார்கள். பரவிய வேகத்தில் இரண்டு நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. படிவத்தில் எழுதியதில்தான் வித்தியாசம். கேத்தே ஏற்றுக்கொண்டது அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெயர் கெடாமல் இருப்பதும் அவர்கள் கணக்கில் இருந்திருக்கும். ஆனால் மறுக்க நினைத்திருந்தாலும், வாங்கியவர்களைப் பார்த்துப் பொய் சொன்னாய் என்று கைநீட்ட அவர்களுக்கு இடம் இருந்திருக்காது.

எனவே என் அளவுகோல் இது. பொய் சொல்லாமல் பயன்படுத்தக்கூடிய எந்த வழியையும் தாராளமாக ஊருக்குச் சொல்லலாம். பொய் சொன்னால்தான் வேலை செய்யும் என்றால், அந்தச் செய்முறையை எழுதிப் பரப்பக் கூடாது. விமான நிறுவனங்கள் பாவம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே இருக்கையைப் பக்கத்து ஆளுக்கு மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்கள் அவர்கள். விலை எப்படிப் போடப்படுகிறது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்வதில் ஒரு குற்றமும் இல்லை.

இந்த அளவுகோலுக்குக் கடினமான சோதனை, பாதியில் இறங்கும் டிக்கெட். நீங்கள் போக வேண்டியது அமெரிக்காவின் சார்லட் நகரம். நேரடியாக சார்லட்டுக்கு விலை அதிகம். சார்லட் வழியாக நியூயார்க் போகும் டிக்கெட் மலிவு. நியூயார்க் டிக்கெட் எடுத்து சார்லட்டில் இறங்கிப் போய்விடுவது. இதைத் தேடிக் கொடுக்கும் ஸ்கிப்லேக்ட் என்ற தளத்தை அக்தரேர் ஜமான் என்ற 20-களில் இருந்த இளைஞர் நியூயார்க்கில் நடத்தினார். 2014 நவம்பரில் யுனைட்டெட்டும் டிக்கெட் விற்கும் தளமான ஆர்பிட்ஸும் அவர்மேல் வழக்குப் போட்டன. ஆர்பிட்ஸ் சமரசம் செய்துகொண்டது. யுனைட்டெட்டின் வழக்கை, தன் எல்லைக்குள் வராது என்று சிகாகோ நீதிமன்றம் 2015-ல் தள்ளுபடி செய்தது. வழக்குச் செலவுக்கு மக்கள் அவருக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். யாரும் விளம்பரம் செய்யாமலே அந்தத் தளம் உலகமெல்லாம் தெரிந்துபோயிற்று.

2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டெக்சாஸில் வழக்குப் போட்டது. 2024 அக்டோபரில் நீதிமன்ற ஜூரி ஸ்கிப்லேக்ட் 94 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. அதில் பாதி, விமான நிறுவனத்தின் சின்னத்தைப் பதிப்புரிமை மீறிப் பயன்படுத்தியதற்கு. பாதியில் இறங்கலாம் என்று சொல்வதே குற்றம் என்று அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது. பயணிகள்மேல் நேராகப் போட்ட வழக்கும் உண்டு. ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்த் திரும்பியவர் கடைசித் துண்டில் ஏறாததால் லுஃப்தான்சா 2,112 யூரோ கேட்டது. விலையை மறுபடி கணக்கிடும் விதி பயணிக்குப் புரியும்படி இல்லை என்று 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதை நிராகரித்தது.

பாதியில் இறங்குபவர் பொய் சொல்கிறாரா? ஒப்பந்த நிபந்தனையை மீறுகிறார், அது உண்மை. ஆனால் டிக்கெட்டில் தன் பெயர், தன் முகவரி, தன் பணம். வாங்கிய சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். இதைச் சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். இதை நான் ஒருமுறை நேரில் பார்த்துப் படித்துக்கொண்டேன்.

என் பெரியம்மா அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தார். அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போக, மகன் இப்படி ஒரு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். நடுவில் இறங்க வேண்டிய ஊரில்தான் மகள் வீடு. செக்-இன் பை போடக் கூடாது என்று படித்திருந்தான். ஒரு சிறு பெட்டியை மட்டும் கையில் கொடுத்தான். விமானம் நிறைந்திருந்தது. வாசலில் ஊழியர் பெட்டியை வாங்கி, கைப்பிடியில் நீளச் சீட்டு ஒன்றைச் சுற்றி ஒட்டி, கீழே அனுப்பிவிட்டார். சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்து. பெரியம்மாவுக்கு அது தெரியாது. இறங்கி மகளைக் கட்டிப்பிடித்தார். பெட்டி அடுத்த விமானத்தில் ஏறி இன்னொரு ஊருக்குப் போய்விட்டது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மகளுக்குக் கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி எல்லாம் அதில். எனக்கு ஃபோன் வந்தபோது அங்கே இரவு.

"ஏம்பா, அவங்க என் பெட்டிய எதுக்கு வேற ஊருக்கு அனுப்புனாங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல பெரியம்மா. டிக்கெட் அந்த ஊருக்கு இருந்துச்சு."

"நான் அந்த ஊருக்குப் போறேன்னு யார் சொன்னா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. மாத்திரைக்கு அங்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த தொகையைவிட அந்தச் செலவு அதிகம். பெரியம்மா மகன் படித்த குறிப்பில் பை போடாதே என்று இருந்தது. வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று இல்லை. ஒரு துண்டை விட்டால் அதற்குப் பின்னால் உள்ள துண்டுகள், திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகும் என்றும் அதில் இல்லை. நல்லவேளை, அவருக்கு ஒருவழி டிக்கெட்தான். 2023-ல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஒரு சிறுவனை இதற்காகவே நிறுத்தி விசாரித்து, டிக்கெட்டை ரத்து செய்து, வேறு டிக்கெட் வாங்க வைத்தார்கள் என்று செய்தி வந்தபோது எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. வழி தெரிந்தவர் தானே பறந்தால் ஆபத்து அவரோடு. அவர் எழுதியதைப் படித்த பிள்ளை, அம்மாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தால், ஆபத்து இன்னதென்றே தெரியாதவர் தலையில் வந்து விழுகிறது. எழுதுகிறவர்கள் கண் முன்னால் அந்த மூன்றாவது ஆளை வைத்துக்கொள்ள வேண்டும்.

பிழை விலைக்கும் இதேதான். சொல்வதாக இருந்தால், இது ரத்தாகலாம், டிக்கெட் எண் வந்து சில நாள் போகும்வரை ஹோட்டல் போடாதீர்கள், லீவு சொல்லாதீர்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு ஃபோன் போட்டு இந்த விலை சரிதானா என்று கேட்காதே என்பது அந்தக் கூட்டத்தின் பழைய கட்டளை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விலையைப் பார்த்துச் சந்தேகப்படும் சாதாரண ஆள் கேட்கத்தான் செய்வார். அவரைக் கேட்காமல் இருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

போன மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு லிங்க் அனுப்பினான். வேறு நாட்டின் தளத்துக்குப் போனால் அதே சிங்கப்பூர் டிக்கெட் பாதி விலையாம். குடும்பக் குழுவில் போடலாமா மாமா என்று கேட்டான். வேறு நாட்டுத் தளத்தில் வாங்குவது தப்பில்லை, நானே வாங்கியிருக்கிறேன். பணம் கட்டும் பக்கம் வரை போய், முகவரியில் என்ன கேட்கிறது என்று பார்த்துச் சொல் என்றேன். கொஞ்ச நேரத்தில் திரையின் படம் வந்தது. நாடு என்ற கட்டத்தில் அந்த ஒரு நாட்டைத் தவிர வேறு எதுவும் எடுக்கவில்லை.

"உன் கார்டு எந்த ஊர் முகவரியில இருக்கு?"

"மதுரைதான் மாமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம், "சரி மாமா, போடல" என்று வந்தது.